கேஸ் இறங்கவில்லை, புழுதி ஏறியிருக்கிறது

பங்குனி பிறந்துவிட்டால் மருங்காபுரி, துவரங்குறிச்சி, வளநாடு பக்கத்து ஏ.சி. மெக்கானிக்குகளின் போன் ஓயாது. எதிர்முனையில் பேசுகிறவர் யாராக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான். “தம்பி, ஏ.சி. ஓடுது, கூலிங் மட்டும் இல்ல. கேஸ் இறங்கிப்போச்சு போல. வந்து அடிச்சு விட்டுட்டுப் போங்க.” நோயையும் அவரே சொல்லிவிடுகிறார், மருந்தையும் அவரே எழுதிவிடுகிறார். வந்த மெக்கானிக் “கேஸ் சரியாத்தான் இருக்கு, காயில்தான் அழுக்கு” என்று சொன்னால் வேலை தெரியாத பையன் என்று பெயராகும். ஆமாம் என்று தலையாட்டினால் சில ஆயிரம் ரூபாய் கைக்கு வரும். பாதி வீடுகளில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

ஏ.சி.யில் உள்ள கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓட்டை இல்லாவிட்டால் பத்து வருடம் ஆனாலும் அதே கேஸ், அதே எடை. இது பள்ளிப் பாடப் புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரியவேண்டிய விஷயம்தான். ஆனாலும் வருடா வருடம் கேஸ் அடிப்பதை, வண்டிக்கு ஆயில் மாற்றுவதைப்போல ஒரு சடங்காகவே நாம் ஆக்கி வைத்திருக்கிறோம்.

மருங்காபுரி என்றால் அரசியல் பழசு பேசுகிறவர்களுக்கு 1989 மார்ச் தேர்தல் நினைவுக்கு வரும். பிளவுபட்டுக் கிடந்த அ.தி.மு.க. ஒன்றுசேர்ந்து, மீட்ட இரட்டை இலைச் சின்னத்தோடு மதுரை கிழக்கிலும் இங்கேயும் ஜெயித்த தேர்தல் அது. 2008 மறுசீரமைப்பில் அந்தத் தொகுதியே மறைந்து, மணப்பாறை தொகுதி வந்துவிட்டது. இப்போது மருங்காபுரி திருச்சி மாவட்டத்தின் தென்கோடித் தாலுகா. காவிரியும் அகண்ட வயலும் ஸ்ரீரங்கத்தோடு நின்றுவிட, இங்கே பாறையும் செம்மண்ணும் வானம் பார்த்த காடும்தான். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த ஊர்க்காரர்கள் ஏ.சி. காற்று வாங்கவேண்டுமென்றால் திருச்சியில் ஜவுளிக்கடைக்கோ தியேட்டருக்கோ போகவேண்டும். இன்று சிங்கப்பூர், வளைகுடாச் சம்பாத்தியத்தில் எழும்பிய மாடிவீடுகளில் படுக்கையறைக்கு ஒன்று இருக்கிறது. மாதத் தவணையில் வாங்கிய சாதாரண வீடுகளிலும் கைக்குழந்தைக்கென்றோ வயதான அம்மாவுக்கென்றோ ஒன்று மாட்டியிருக்கிறார்கள். வாங்குவதற்குக் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லித்தரத்தான் ஆள் குறைவு.

அந்தப் பெட்டி செய்யும் வேலையை முதலில் சரியாகப் புரிந்துகொண்டால் பராமரிப்பில் முக்கால்வாசி தானாக விளங்கிவிடும். ஏ.சி. ஒரு வெப்பப் பம்பு. அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. கேஸ்தான் அதற்கு டவுன் பஸ். இன்டோர் காயிலில் சூட்டை ஏற்றிக்கொண்டு, அவுட்டோர் காயிலில் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பி வருகிறது. உள்ளே காயில் 5 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும். அறைச் சூடு தானாக அதில் ஏறிக்கொள்ளும். பிறகு கம்ப்ரசர் அந்த கேஸை நெருக்கி 50 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறது. அப்போதுதான் வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் சூடு காயிலை விட்டு இறங்கும். ஏறும் இடத்திலோ இறங்கும் இடத்திலோ அடைப்பு இருந்தால் பஸ் எத்தனை நடை ஓடினாலும் பயனில்லை.

கணக்காகச் சொன்னால், ஒன்றரை டன் ஏ.சி. முழு மூச்சில் ஓடும்போது சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து அள்ளுகிறது. அதற்கு அது எடுக்கும் மின்சாரம் சுமார் ஒன்றரைக் கிலோவாட். இரண்டும் சேர்ந்து ஏழு கிலோவாட்டுக்குப் பக்கமாக வெளிப்பெட்டி வழியே போயாக வேண்டும். ஏழு இஸ்திரிப் பெட்டிகளின் சூட்டை ஒரு காயில் காற்றில் கரைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காயிலைத்தான் நாம் சந்தில், மாடுகட்டும் கொட்டகைக்கு மேல், துணி காயப்போடும் இடத்தில் மாட்டிவிட்டு மறந்துபோகிறோம். ‘டன்’ என்ற அளவே பனிக்கட்டிக் காலத்து மிச்சம். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் ஏ.சி.யின் திறன்.

அந்தப் பனிக்கட்டிக் காலமும் நமக்குத் தூரமானதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்களைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க ஃபிரெடெரிக் டூடரின் கம்பெனி 1842-ல் சென்னைக் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அதற்குப் பத்தே வருடம் கழித்து, 1852-ல், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் கிளாஸ்கோவில் இருந்துகொண்டு, எந்திரத்தால் கட்டடங்களைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் முடியும் என்று கணக்குப் போட்டு எழுதினார். சூட்டை உண்டாக்குவதைவிட இருக்கும் சூட்டை இடம் மாற்றுவது மலிவு என்பதே அவர் சொன்னதன் சாரம். அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் 1902-ல் அமைத்த ஏ.சி.யும் மனிதர்களுக்காக இல்லை; புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணம் விலகாமல் இருக்கத்தான்.

ஆனி, ஆடிக் காற்று

கம்பெனி கையேடுகளைப் புரட்டினால் எல்லா ஊருக்கும் ஒரே பராமரிப்பு அட்டவணை. மருங்காபுரிக்கு அது செல்லாது. சித்திரை, வைகாசியில் அனல். கத்திரி முடிந்தால் ஓய்வு என்று பார்த்தால், ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து காற்று கிளம்பும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப்பக்கமே கொட்டித் தீர்ந்துவிட, இந்தப்பக்கம் ஈரம் இழந்த வறண்ட காற்று மட்டும் வருகிறது. ஆடி முடியும்வரை வாசல் தெளித்த ஈரம்கூட நிமிடத்தில் காய்ந்து செம்மண் புழுதி பறக்கும். அந்தப் புழுதி முழுக்க ஏ.சி. வழியாகத்தான் வடிகட்டப்படுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

இன்டோர் முன்மூடியைத் தூக்கினால் வரும் வலைதான் ஃபில்டர். கையேடு மாதம் ஒருமுறை கழுவச் சொன்னால், இங்கே காற்றுக் காலத்தில் வாரம் ஒருமுறை கழுவவேண்டியிருக்கும். குழாய்த் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நிழலில் காயவைத்தல், அவ்வளவுதான். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் சட்டம் நெளிந்து பிறகு பொருந்தாது. வீட்டில் பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய இந்த ஒரு வேலையைச் செய்தாலே மெக்கானிக்கைக் கூப்பிடும் தேவை பாதி குறையும்.

ஃபில்டர் அடைத்தால் என்ன ஆகும்? காயிலின் மேல் போகும் காற்று குறைகிறது. ஏற்றிக்கொள்ளச் சூடு கிடைக்காமல் காயில் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய், அதன்மேல் படியும் ஈரம் பனிக்கட்டியாக உறைகிறது. உறைந்த பனி இருக்கிற கொஞ்சநஞ்சக் காற்றையும் மறிக்கிறது. இதைப் பார்த்து “ஐஸே கட்டுது, அவ்வளவு கூலிங்” என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அறை மட்டும் புழுங்கும். ஏ.சி.யை நிறுத்தியதும் பனி உருகிச் சுவரில் வழியும். அப்போது வரும் புகார் “தண்ணி ஒழுகுது” என்று இருக்கும்.

ஃபில்டரைத் தாண்டிய மென்தூசி காயிலிலும், அதற்குப் பின்னால் உருளையாகச் சுற்றும் புளோயரிலும் படிகிறது. புளோயரின் வளைந்த இதழ்களில் புழுதியும் ஈரமும் சேர்ந்து சந்தனக் குழம்பாக அப்பிக்கொள்ளும்; பிறகு அது எவ்வளவு சுற்றினாலும் காற்றைத் தள்ளாது. காலையில் ஏ.சி. போட்டதும் ஈரத்துணி வாடை அடித்தால் இதுதான் காரணம். இதை வீட்டில் செய்ய முடியாது. பிளாஸ்டிக் பையைக் கட்டி, பம்பு வைத்துக் கழுவும் வாட்டர் சர்வீஸ்தான் வழி. இங்கே வருடத்துக்கு இரண்டு முறை வேண்டும்: கோடைக்கு முன் மாசியில் ஒன்று, ஆடிக் காற்று அடங்கியபின் ஆவணியில் ஒன்று. பெரும்பாலானவர்கள் ஒன்றையே சித்திரையில், மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரமில்லாத நாளில் செய்யச் சொல்கிறார்கள். அவரும் முன்மூடியைத் துடைத்து, தெரிகிற இடத்தில் தண்ணீர் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார்.

அவுட்டோரை வைக்கும் இடம்தான் இந்த ஊரில் பெரிய பிழை. முதலாவது, மேற்குப் பார்த்து வைப்பது. அவுட்டோர் மின்விசிறி சூட்டை முன்பக்கமாகத் தள்ளுகிறது. ஆடிக் காற்று எதிரே வந்து அதே வாயில் மோதினால் இரண்டும் மல்லுக்கட்டும். சூடு திரும்பிக் காயிலுக்கே வரும். முடிந்தவரை தெற்கு அல்லது வடக்குப் பார்த்திருப்பது நல்லது. இரண்டாவது, அழகுக்காகக் கிரில் கூண்டு கட்டி மூடுவது. மூன்றாவது, அடுத்த வீட்டுச் சுவருக்கு ஒரு முழ இடைவெளியில் சந்துக்குள் மாட்டுவது. பெட்டி தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். மொட்டைமாடியில் வைத்தால் மேலே ஒரு தகரமோ கீற்றோ நிழலாகப் போடலாம். நாலு பக்கமும் காற்று விட வேண்டும், நிழல் அதற்குப் பிறகு.

நட்சத்திர முத்திரையை நம்பி வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி. அறை ஏ.சி.யின் திறனை வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற கணக்கில்தான் குறிக்கிறார்கள். திருச்சி மாவட்ட மே மாத மதியத்தில், மாடிச் சுவரில் வெயில் குடித்துக்கொண்டிருக்கும் அவுட்டோருக்கு 35 டிகிரி என்பது நிறைவேறாத ஆசை. வெளிச்சூடு கூடக் கூடத் திறன் இறங்கும், மின்சாரம் ஏறும். அப்படியிருக்க, காயிலில் விரல்பருமன் புழுதி வேறு இருந்தால் கம்ப்ரசர் அடிக்கடி சூடேறி நின்று நின்று ஓடும். இதைத்தான் நாம் ‘கேஸ் இறங்கிப்போச்சு’ என்று படிக்கிறோம்.

முறுக்குக்கு ஆகும், காயிலுக்கு ஆகாது

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மணப்பாறை முறுக்கின் ருசிக்கு அந்த வட்டாரத் தண்ணீரில் உள்ள லேசான உப்புச்சுவைதான் காரணம் என்று முறுக்குப் போடுகிறவர்கள் சொல்வார்கள். மருங்காபுரிப் போர்த் தண்ணீரும் பெரும்பாலும் கடினநீர்தான். பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரை அவுட்டோரில் அடித்து அப்படியே காயவிட்டால் அலுமினியத் தகடுகளுக்கு இடையே அதே வெள்ளைப் படிவம் சேரும். புழுதியாவது கழுவினால் போகும். சுண்ணாம்புப் படிவம் சீக்கிரம் போகாது. ஆகவே கழுவும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் வீடுகளுக்கு இது ஒரு நல்ல உபயோகம்.

பம்பை முழு வேகத்தில் வைத்துச் சாய்வாக அடிப்பது இன்னொரு கெடுதல். தகடுகள் மயிரிழை மெல்லியவை, சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நேர்க்குத்தாக, மிதமாக, முடிந்தால் உள்ளிருந்து வெளிப்புறமாக அடிக்க வேண்டும். “பளபளன்னு ஆயிடும் சார்” என்று நுரை வரும் திரவம் தெளிப்பவரிடம், அதை நன்றாக அலசித்தான் போகவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அமிலமோ காரமோ மிச்சமிருந்தால் அலுமினியத்தைத் தின்னும். இவை எதையும் செய்யும் முன் ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, சுவரில் உள்ள எம்.சி.பி.யையே இறக்கிவிட வேண்டும்.

ஏ.சி. வடிக்கும் தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். அது காற்றிலிருந்த ஈரம், உப்பு இல்லாதது. ஆனால் காயில் அழுக்கையும் கூட்டிக்கொண்டு வருகிறது, குடிக்கக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறார்கள், பேட்டரியின் ஆயுள் முக்கியமென்றால் அதுவும் வேண்டாம். செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். சென்னையோடு ஒப்பிட்டால் நம் வறண்ட கோடையில் அது குறைவாகவே வடியும். “முன்ன மாதிரி தண்ணி வரல, கேஸ் இல்லையோ” என்று அதற்கும் கேஸ்மேல் பழி போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வடிகுழாய் அடைப்புக்கு இந்தப் பக்கம் தனிக் காரணம் ஒன்று உண்டு: குளவி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் முனை அதற்கு அளவெடுத்துச் செய்த பொந்து. ஏ.சி. ஓடாமல் கிடக்கும்போது மண் வைத்துக் கூடு கட்டிவிட்டுப் போகும். மறுபடி ஓடவிட்ட முதல் நாள் ராத்திரி கட்டில்மேல் சொட்டும். முனையில் சின்ன வலைத்துணி கட்டிவிட்டால் தீர்ந்தது. சுவரில் குழாய் போகும் ஓட்டையை மூடாமல் விட்டிருந்தால் பல்லி உள்ளே வரும். ஏ.சி.யின் மின்பலகை கதகதப்பான இடம். பல்லி ஒன்று இரண்டு முனைகளைத் தொட்டுக்கொண்டு செத்தால் பலகையும் கூடவே போகும். சிற்றெறும்பும் அப்படித்தான். பல ஆயிரம் ரூபாய்ப் பலகையைக் காப்பாற்ற ஒரு கைப்பிடி அடைப்புப் பசை போதும்.

வோல்டேஜும் எர்த்தும்

இன்வெர்ட்டர் ஏ.சி.க்கு ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று விளம்பரம் சொல்கிறது. திருச்சி தில்லைநகரில் அது சரியாக இருக்கலாம். மருங்காபுரியில் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கோடியில், வீடு மறு கோடியில், நடுவில் கிணற்று மோட்டார்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால் விளக்கு மங்குவது கண்ணுக்கே தெரியும். உங்கள் ஏ.சி. எந்த வோல்டேஜ்வரை தாங்கும் என்பது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து மோட்டார் ஓடும் நேரத்திலும், எல்லாம் அடங்கிய பின்னிரவிலும் அளந்து பாருங்கள். பின்னிரவில் அது ஏறியும் இருக்கும். அந்த எல்லைக்குள் இல்லையென்றால் ஸ்டெபிலைசர் வீண்செலவு ஆகாது.

அதைவிட அலட்சியம் எர்த்தில்தான். வீடு கட்டியபோது போட்ட குழி, அதற்குமேல் சிமென்ட் பூசி எந்த இடம் என்றே மறந்திருப்பார்கள். பாறை நிலத்தில் எர்த் பிடிப்பது இயல்பாகவே கடினம், கோடையில் மண் காய்ந்துவிட்டால் இன்னும் மோசம். அவுட்டோர் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குழியைக் கண்டுபிடித்து, வாய் திறந்து வைத்து, கோடையில் வாரம் ஓரிரு குடம் தண்ணீர் ஊற்றுவதை அந்தக் காலத்து வயர்மேன்கள் சொல்லித்தான் போனார்கள். ஏ.சி. லைனுக்குக் கசிவு கண்டால் அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் இருக்கட்டும்.

உண்மையிலேயே கேஸ் குறைந்தால்

குறையவே குறையாது என்று சொல்ல வரவில்லை. ஃப்ளேர் நட் சரியாக முறுக்காமல் விட்டால், காயில் அரித்தால், அதிர்வில் குழாய் வெடித்தால் கசியும். அதைக் கண்டுபிடிக்க வீட்டுக்காரருக்கே சில அடையாளங்கள் உண்டு. அவுட்டோரில் இரண்டு குழாய்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். மெல்லிய குழாயின் வால்வு பக்கம் மட்டும் பனி பிடித்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். தடித்த குழாய் பனி மூடியிருந்தால் இன்டோரில் காற்றோட்டம் குறைவு, முதலில் ஃபில்டர். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதில் புழுதி ஒட்டிக் கறுத்திருந்தால் கசிவு அங்கேதான். பதினைந்து நிமிடம் ஓடியபின் உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஏ.சி. தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அறைக்கு அது போதவில்லை என்றால் மொட்டைமாடி வெயிலையும் ஜன்னல் இடுக்கையும் பார்க்க வேண்டும்.

கசிவு இருக்கிறது என்றால் அதை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் கதை. செய்யவேண்டிய முறை நீளமானது. மிச்ச கேஸைக் காற்றில் விடாமல் வாங்கி வைக்கவேண்டும். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, சோப்பு நுரை தடவி ஓட்டையைப் பிடிக்கவேண்டும். பற்றவைத்து, திரும்பவும் அழுத்தம் பார்த்து, பிறகு வேக்கம் பம்பை அரை மணி நேரம் ஓட்டிக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சவேண்டும். கடைசியாக, பெட்டியில் அச்சிட்டுள்ள கிராம் கணக்குப்படி தராசில் வைத்து கேஸ் ஏற்றவேண்டும். ஒன்றரை டன் ஏ.சி.யில் பொதுவாக ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் இருக்கும். நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் தெரியும். இதில் வேக்கம் என்ற படியையே பலர் தாண்டிவிடுகிறார்கள். கொஞ்சம் கேஸைப் பீய்ச்சிக் காற்றைத் தள்ளிவிட்டோம் என்பார்கள். உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, இரண்டு கோடையில் கம்ப்ரசரைத் தின்றுவிடும். அப்போது அந்த மெக்கானிக்கை யாரும் நினைக்கமாட்டார்கள், கம்பெனியைத் திட்டுவார்கள்.

உயிரோடு சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று வெல்டிங் கடை ஆக்சிஜனை ஏற்றி அழுத்தம் பார்க்க யாரையும் விடாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். அதேபோல, ஒரு கேஸுக்குச் செய்த ஏ.சி.யில் வேறு கேஸை ஏற்றவும் விடாதீர்கள். பழைய ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது; 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் 2030-ஐ ஒட்டி அதைக் கைவிடவேண்டிய கட்டாயத்தில் நாடு இருக்கிறது. அடுத்து வந்த ஆர்-410ஏ-யும் இப்போது பெரும்பாலான பெட்டிகளில் உள்ள ஆர்-32-வும் ஆர்-22-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தில் ஓடுபவை. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. 2012 முதல் கோத்ரெஜ் விற்கத் தொடங்கிய ஆர்-290 என்பது புரொப்பேன்தான், நன்றாகவே பற்றும். அதற்கென்று செய்த பெட்டியில், அளவான எடையில் அது பாதுகாப்பானது. பழைய ஆர்-22 பெட்டியில் மலிவாகக் கிடைக்கிறது என்று எரியும் கேஸை நிரப்புவது, படுக்கையறையில் அடுப்பு சிலிண்டரைத் திறந்துவைப்பதற்குச் சமம்.

வெளியே விட்ட கேஸ் எங்கே போகும்? ஒரு கிலோ ஆர்-32, நூறாண்டுக் கணக்கில், சுமார் 675 கிலோ கரியமில வாயு செய்யும் வேலையைச் செய்கிறது. ஆர்-410ஏ என்றால் ஏறக்குறைய 2,088 கிலோ. மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் எழுதிய திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. 2032-ல் தொடங்கி 2047-க்குள் இந்தவகை வாயுக்களின் பயன்பாட்டை 85 சதவீதம் குறைப்பதாக வாக்கு. 2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் 2022-23-க்குள் ஒரு லட்சம் சர்வீஸ் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று எழுதியது. அரசு ஐ.டி.ஐ.களில் இரண்டு வருட ரெஃப்ரிஜரேஷன் மெக்கானிக் படிப்பும் உண்டு. ஆனால் கிராமத்தில் ஏ.சி. மாட்டுகிறவர்களில் அண்ணனோடு போய்த் தொழில் பழகியவர்கள், வளைகுடாவில் கட்டட வேலையில் கற்றுத் திரும்பியவர்கள் ஏராளம். கைத்திறனில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்களில்லை. தராசுக்கும் வேக்கம் பம்புக்கும் நைட்ரஜன் சிலிண்டருக்கும் முதல் போட்டு, ஒரு வீட்டில் மூன்று மணி நேரம் செலவழித்தால், அதற்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளர் தயாராக இல்லை என்பதே அவர்களுடைய பிரச்சினை. “அரை மணி நேரத்துல அடிச்சுட்டுப் போறவன் இருக்கான்” என்று பேரம் பேசுகிறோம். தேவையில்லாத கேஸுக்குப் பணம் கொடுக்கிறோம். தேவையான நேரத்துக்குக் கொடுக்க மறுக்கிறோம்.

ஐநூறு என்ற கோடு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண வரிசையே மாறி, நடுப்படியில் கிடைத்த மானியமும் கைநழுவும். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ராத்திரி 8 மணி நேரம், சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் 60 நாளுக்கு 480 யூனிட். அதாவது ஏ.சி. ஒன்றே கோட்டின் விளிம்புவரை கொண்டுவந்துவிடுகிறது. பிரிட்ஜும் மோட்டாரும் தாண்டவைக்கின்றன. புழுதி அடைத்த காயில் இதில் எவ்வளவு கூட்டும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் கிளம்பவேண்டும் என்று விதியும் போட்டார்கள். நம் வீட்டில் ரிமோட்டைக் கையிலெடுத்ததும் அதை 18-க்கு இறக்குவதே முதல் காரியம். 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நம்பிக்கை. அறை அதே வேகத்தில்தான் குளிரும், நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும். 26-ல் வைத்து மின்விசிறியையும் போட்டுக்கொண்டு படுத்தவர்களுக்கு ராத்திரி நடுவில் போர்வை தேடும் வேலை இல்லை.

இதே எந்திரம் நார்வேயில் வேறு முகம் காட்டுகிறது. ஓஸ்லோ, பெர்கன் பக்கத்தில் குடியேறிய ஈழத் தமிழர்களின் வீடுகளில் அதைச் சூட்டுக்காக ஓட்டுகிறார்கள். அங்கே பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் வெப்பப் பம்பு உண்டு. நமக்குப் புழுதி போல அவர்களுக்கு அவுட்டோர் காயிலில் உறைபனி. பெட்டி அவ்வப்போது தானே திசை திரும்பி, உள்ளிருக்கும் சூட்டைக் கொஞ்சம் வெளியே அனுப்பிப் பனியை உருக்கிக்கொள்கிறது. பனிமேடு மறைக்காமல் சுற்றிலும் மண்வெட்டியால் தள்ளிவிடுவதும், இலையுதிர்காலத்தில் காயிலில் அப்பிய இலைகளை எடுப்பதும் வீட்டுக்காரர் வேலை. ஃபில்டர் கழுவுவது மட்டும் மருங்காபுரிக்கும் பெர்கனுக்கும் ஒன்றே.

புரட்டாசி பாதியில் இங்கே ஏ.சி.க்கு ஓய்வு தொடங்கும். நிறுத்துகிற அன்று, குளிர் இல்லாமல் ஃபேன் மோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காயிலைக் காயவைக்கவேண்டும். ஈரத்தோடு விட்டால் மாசியில் திறக்கும்போது பூஞ்சை. பிறகு எம்.சி.பி.யை இறக்கி, ரிமோட்டிலிருந்து பேட்டரியை எடுத்துவிடலாம். அவுட்டோரைத் தார்பாயால் முழுக்க மூடிக் கட்டுவது வேண்டாம். உள்ளே ஈரம் தங்கும், எலிக்கும் அணிலுக்கும் வயர் கடிக்க மறைவிடம் கிடைக்கும். மேல்பக்கம் மட்டும் பலகை வைத்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் மெக்கானிக்குகளுக்கு வேலை இருக்காது. சிலர் மோட்டார் காயில் கட்டப் போவார்கள், சிலர் வயரிங் வேலைக்கு. போன வருடம் கேஸ் ஏற்றியும் கூலிங் நிற்காத ஏ.சி. வீட்டில் இருந்தால் கூப்பிடவேண்டிய மாதம் அதுதான். திருச்சியிலிருந்து நைட்ரஜன் சிலிண்டர் வரவழைக்க அவருக்கு நேரம் இருக்கும், ஒரு நாள் முழுக்க அழுத்தம் வைத்துப் பார்க்கப் பொறுமை இருக்கும், கூலியும் சித்திரையில் கேட்கிற அளவு இருக்காது. எவ்வளவு கேஸ் ஏற்றினார் என்று கிராம் கணக்கில், தேதியோடு, பெட்டியின் பக்கவாட்டில் பெயின்ட் பேனாவால் எழுதச் சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் வேறு யாராவது வந்து “கேஸ் இல்லீங்க” என்றால், அந்த எழுத்தைக் காட்டிவிட்டு முதலில் தராசை எடுத்துவரச் சொல்லலாம்.